செஞ்சிக் கோட்டையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? (நடப்பு நிகழ்வு: அறிவியல், பாதுகாப்பு, பாரம்பரியம்)

3 நவம்பர் 2025 – வாசகர் கேள்வி

குரூப் 2-க்கும் யுபிஎஸ்சி முதல்நிலைக்கும் சேர்த்துப் படிக்கிறேன். மாதாமாதம் குறிப்பெடுத்து ஏழு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் எல்லாம் கலங்கிப் போகிறது. உதாரணத்துக்கு செஞ்சிக் கோட்டை. ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அதை மகாராஷ்டிரம் என்று நினைவில் வைப்பதா, தமிழ்நாடு என்றா? கட்டியவர்கள் மராட்டியரே இல்லையே, பிறகு எப்படி 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் வந்தது?

3 நவம்பர், இரவு

கட்டியவர்கள் மராட்டியர் இல்லை என்பது சரி. கோன்கள் காலத்தில் தொடங்கியது என்பார்கள், நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பிறகு பிஜப்பூர் சுல்தான்கள் கையில் இருந்தது, 1677-இல்தான் சிவாஜி பிடித்தார். ஆனால் பட்டியலுக்கு 'யார் கட்டியது' என்பது கேள்வியே இல்லை. மராட்டியர் போர்முறைக்கு இந்தக் கோட்டைகள் எப்படிப் பயன்பட்டன என்பதுதான் கேள்வி. அதில் செஞ்சிக்கு இருக்கும் இடம் சாதாரணம் இல்லை. 1689-இல் ராய்கட் முற்றுகைக்கு ஆளானபோது சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பித்து வந்து சேர்ந்தது செஞ்சிக்கு. மொகலாயப் படை வெளியே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து 1698-இல்தான் உள்ளே நுழைந்தது. அதுவரை மராட்டிய அரசு நடந்ததே இங்கிருந்துதான். இதைப் படித்துவிட்டால் 'எப்படி வந்தது' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தேர்வுக்கு வேண்டியது: மொத்தம் 12 கோட்டைகள், 11 மகாராஷ்டிரத்தில், 1 தமிழ்நாட்டில். பன்னிரண்டும் சேர்ந்து ஒரே இடமாகத்தான் கணக்கு, அது இந்தியாவின் 44-ஆவது. 44-இல் பண்பாடு 36, இயற்கை 7, கலப்பு 1 (கஞ்சன்ஜங்கா). 43-ஆவது அசாமின் சராய்தேவ் மொய்தாம்கள் (அஹோம் அரசர்களின் சமாதி மேடுகள்), 2024.

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டீர்களே, நான் விழுப்புரம் மாவட்டம் என்ற பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

4 நவம்பர்

சரி, மாவட்ட நோட்டு.

எனக்கும் மாதவாரி நோட்டுதான் இருந்தது. இரண்டு முறை குரூப் 2 முதல்நிலை எழுதி, இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியில் போனது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், அந்த ஒன்றரைதான். வீட்டில் சொன்னால் நம்பவில்லை, அப்பா "எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்" என்று செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் யோசித்தேன். மார்ச் 2024 என்ற பக்கத்தில் ஏவுகணை, விருது, பறவை, பட்ஜெட் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன, ஒன்றுக்கொன்று எந்த ஒட்டும் இல்லை. மனசு எதைப் பிடித்துக்கொண்டு நினைவில் வைக்கும்?

அதனால் ஊர்ப்பெயரைப் பிடித்தேன். விழுப்புரம் என்று எழுதி அடியில் செஞ்சி. அதே பக்கத்தில் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், அவரும் விழுப்புரத்துக்காரர்தான். தூத்துக்குடி பக்கத்தைப் பாருங்கள்: ஆதிச்சநல்லூர், சிவகளை அகழாய்வுகள், குலசேகரன்பட்டினம் ஏவுதளம், உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு. ராமநாதபுரம்: புதிய பாம்பன் பாலம், ராம்சார் (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்கள்) பட்டியலில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. திருநெல்வேலி: மகேந்திரகிரி (இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம்), கூடங்குளம், விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன். மதுரை: அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், கீழடி. தென்காசி: ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

மூன்று பாடமும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஊர்ப்பலகையைப் பார்த்தாலே பாதி திருப்புதல் முடிந்துவிடும்.

5 நவம்பர்

கீழடி மதுரை மாவட்டம் இல்லை, சிவகங்கை மாவட்டம். மதுரையிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் எல்லோரும் தவறுகிற இடத்தில் நானும் தவறினேன், அதுவும் மாவட்ட நோட்டைப் பற்றிப் பெருமையடித்த குறிப்பிலேயே. மேலே திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

6 நவம்பர்

குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம், ஸ்ரீஹரிகோட்டா போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'இரண்டாவது ஏவுதளம், 2024 பிப்ரவரி 28 அடிக்கல்' என்று மனப்பாடம் செய்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

துருவச் சுற்றுப்பாதைக்கு (பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதை) போகிற ராக்கெட் நேர் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. விழும் பாகங்கள் ஊர்மேல் விழக்கூடாது என்பதால் பிஎஸ்எல்வி கிழக்கே போய் வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம், கொண்டுபோகிற எடை குறைந்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான். வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை, ஆயுசுக்கும் மறக்காது.

9 நவம்பர்

அறிவியலில் நான் அதிகம் அடி வாங்கியது ஒரே சொல்லால். 'முதல்'. அதற்கு அண்ணன் 'மிகப்பெரிய', தம்பி 'மிக அதிக எடையுள்ள'. இந்தச் சொற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு வால் உண்டு. செய்தித் தலைப்பில் வாலை நறுக்கிவிடுவார்கள், கேள்வித்தாளில் வால் மட்டும்தான் வரும்.

போன வாரச் செய்தியையே எடுங்கள். நவம்பர் 2-இல் எல்விஎம்3-எம்5 ராக்கெட் சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளை ஏவியது, சுமார் 4,410 கிலோ. 'இந்தியாவின் மிக அதிக எடையுள்ள செயற்கைக்கோள்' என்று எத்தனை பேர் பரப்பிவிட்டார்கள்! 2018 டிசம்பரில் போன ஜிசாட்-11 5,854 கிலோ. அது இந்தியாவுடையதுதான், ஆனால் ஏரியன்-5 ராக்கெட்டில் பிரெஞ்சு கயானாவிலிருந்து போனது. ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களை இதே எல்விஎம்3 கொண்டுபோனபோது மொத்த எடை 5,700 கிலோவுக்கு மேல், ஆனால் அது தாழ்ந்த சுற்றுப்பாதை. ஆக சரியான வாக்கியம்: இந்திய மண்ணிலிருந்து, புவிநிலைப் பரிமாற்றச் சுற்றுப்பாதைக்கு (உயரமான புவிநிலைப் பாதைக்குப் போகும் வழியில் உள்ள நீள்வட்டப் பாதை) ஏவப்பட்டவற்றில் எடை மிகுந்த தகவல்தொடர்பு செயற்கைக்கோள். வால் நீளம்தான், என்ன செய்வது.

சந்திரயான்-3. 'நிலவின் தென்துருவத்தில் இறங்கியது' என்று ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் சரி என்று போட்டேன், தவறு என்று வந்தது. சண்டை போட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து பார்த்தால் விக்ரம் இறங்கியது ஏறத்தாழ 69 பாகை தென் அட்சத்தில், துருவம் என்றால் 90. பூமியில் 69 பாகை தெற்கு எங்கே இருக்கிறது தெரியுமா? அண்டார்க்டிகாவில் நம் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் இடம். பாரதியில் நிற்பவரைத் தென்துருவத்தில் நிற்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? தென்துருவப் பகுதிக்கு அருகே என்பதுதான் சரி. (அதற்காக அந்த மையத்தில் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.)

ஆதித்யா-எல்1 சூரியனுக்குப் பக்கத்தில் போகவில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர், சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். நூற்றில் ஒரு பங்கு தூரம்தான் போயிருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே நேர்கோட்டில் இருக்கும் எல்1 புள்ளியில் நின்றால் கிரகண மறைப்பே இல்லாமல் சூரியனை எந்நேரமும் பார்க்கலாம், அதற்காகத்தான் அங்கே.

பாம்பன் பாலத்துக்கும் வால் உண்டு. 1914-இல் திறந்த பழையதும் கடல் பாலம்தான். இந்த ஆண்டு ஏப்ரல் 6-இல் திறந்தது, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கப்படும் கடல் பாலங்களில் நாட்டில் முதலாவது. பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளை விரிப்பதுபோல் திறக்கும்.

9 நவம்பர், பிறகு

சுபான்ஷு சுக்லா பற்றிக் கேட்டவருக்கு: சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் (ஆக்ஸியம்-4, இந்த ஆண்டு ஜூன் 25 புறப்பாடு, ஜூலை 15 திரும்பினார்). ராகேஷ் சர்மா 1984-இல் போனது சோவியத்தின் சல்யூட்-7 நிலையத்துக்கு. 'விண்வெளிக்குப் போன இரண்டாவது இந்தியர்' என்று எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். 2024 மே மாதம் தனியார் ராக்கெட்டில் சில நிமிடங்கள் மேலே போய்வந்த இந்தியர் ஒருவர் இருக்கிறார். அது சுற்றுப்பாதைப் பயணம் இல்லை. அதனால் 'சுற்றுப்பாதைக்குப் போன' என்று சேர்த்தால் யாரும் வம்புக்கு வர முடியாது. கல்பனா சாவ்லா, சுனிதா வில்லியம்ஸ் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

16 நவம்பர்

பாதுகாப்பு. ராணுவக் கூட்டுப்பயிற்சிகளின் பெயர்ப்பட்டியலைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஐம்பது பெயர், ஐம்பது நாடு. பிரான்சிலிருந்து தொடங்கினால் கொஞ்சம் வழி தெரியும். வருணா கடற்படை, கருடா விமானப்படை, சக்தி தரைப்படை. வருணன் நீருக்குரியவன், நெய்தல் நிலத் தெய்வம் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்தோம். கருடன் பறக்கும். மிச்சம் இருப்பது தரை. இதற்கு மனப்பாடமே வேண்டாம்.

இந்த வழியை ஒரு நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பெருமையாக இருந்தேன், அவன் அடுத்த நாள் கருட சக்தி என்பதைப் பிரான்சின் விமானப்படையும் தரைப்படையும் சேர்ந்து செய்வது என்று போட்டுவிட்டு வந்தான். அது இந்தோனேசியா, சிறப்புப் படைகள். மித்ர சக்தி இலங்கைத் தரைப்படை (கடற்படை என்றால் ஸ்லினெக்ஸ்). தரங் சக்தி நம் விமானப்படை நடத்திய பன்னாட்டுப் பயிற்சி, 2024 ஆகஸ்டில் முதல் கட்டம் கோவை சூலூரில், இரண்டாம் கட்டம் ஜோத்பூரில். பெயர் வைப்பவர்களுக்குச் சக்தி என்றால் அவ்வளவு பிரியம், நமக்குத்தான் சக்தி போகிறது.

மலபார் மட்டும் தனியே வையுங்கள். 1992-இல் இந்தியா-அமெரிக்கா என்று தொடங்கியது, இப்போது ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நான்கு. பெயரைப் பார்த்துவிட்டு எப்போதும் கேரளக் கரையில் நடக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஏவுகணையில் இரண்டு போதும் என்பது என் கணக்கு. 2024 மார்ச் 11, அக்னி-5, ஒரே ஏவுகணையில் பல போர்முனைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இலக்குக்கு. அதன் பெயர் மிஷன் திவ்யாஸ்திரா. இந்த ஆண்டு செப்டம்பரில் அக்னி-பிரைமை ரயில் மேலிருந்து ஏவிப் பார்த்தார்கள். ரயில் ஏன்? நகர்ந்துகொண்டே இருக்கும், எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாது, நாடு முழுக்கத் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. இந்த 'ஏன்' கையில் இருந்தால் முதன்மைத் தேர்வுக்கும் இரண்டு வரி கிடைக்கும்.

17 நவம்பர்

சூர்ய கிரண் விட்டுப்போனது. நேபாளத்துடன் தரைப்படைப் பயிற்சி. அதே பெயரில் நம் விமானப்படையின் சாகசக் குழுவும் இருக்கிறது. இரண்டும் வேறு.

23 நவம்பர்

எத்தனை மாதம் பின்னால் படிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய ஒன்று, ஒன்றரை ஆண்டு என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன். ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் எண்களுக்கு இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. ராம்சார் ஈரநிலங்கள் பிப்ரவரியில் 89, ஜூனில் 91, அப்புறமும் ஏறியது. நான் இதை இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன். மாறாதவற்றை மட்டும் பேனாவில்: ராம்சார் ஈரானில் இருக்கும் ஊர், 1971, இந்தியாவில் முதலில் சேர்ந்தவை சிலிகாவும் கேவலாதேவும், தமிழ்நாட்டில் முதலில் கோடியக்கரை. தமிழ்நாட்டுக்கு 20, நாட்டிலேயே அதிகம், இதையும் பென்சிலில் எழுதுவது நல்லது.

செம்மொழியும் இப்படித்தான். ஆறு என்று பல ஆண்டு எழுதினோம், 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் சேர்ந்து பதினொன்று. முதலில் தமிழ், 2004. இது பேனா. (கல்லில் வெட்டினாலும் சரி.)

இரண்டு தேர்வையும் ஒரே மாதிரி எழுத முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிப்பு இல்லை, அரைகுறை நினைவு இருந்தால் துணிந்து கறுப்படிக்கலாம். யுபிஎஸ்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதிலும் 'மேற்கண்டவற்றில் எத்தனை கூற்றுகள் சரி' என்று கேட்க ஆரம்பித்த பிறகு, ஒரு கூற்று தெரிந்தால் மற்றதைக் கழித்துப் பார்க்கும் பழைய வித்தை செல்லாது. மூன்று கூற்றுக்கும் வால் தெரிய வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை, யுபிஎஸ்சி முதல்நிலைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நோட்டில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே ஆங்கிலப் பெயரையும் எழுதி வையுங்கள். செஞ்சி என்று தெரிந்தவர் தாளில் 'ஜிஞ்ஜி' என்பதைப் பார்த்துவிட்டு அது ஏதோ வடநாட்டுக் கோட்டை என்று தாண்டிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

10 டிசம்பர்

தீபாவளி இன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. எல்லோரும் நோட்டை எடுங்கள். எடுத்தவர்கள் அதை செஞ்சிக்குக் கீழே எழுதாதீர்கள். அது உலகப் பாரம்பரியச் சின்னங்கள் (1972 உடன்படிக்கை), கல், மண், காடு. இது அருவப் பண்பாட்டு மரபு (2003 உடன்படிக்கை), வழக்கம், கலை, திருவிழா. இந்தியாவின் 16-ஆவது. 15-ஆவது குஜராத்தின் கர்பா நடனம், 2023.

மூன்றாவதாக 'உலக நினைவகம்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது, ஆவணங்களுக்கும் சுவடிகளுக்கும். பகவத் கீதையும் நாட்டிய சாஸ்திரமும் இந்த ஏப்ரலில் அதில்தான் சேர்ந்தன. இந்தியாவிலிருந்து அதில் முதலில் போனது எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சென்னையில் இருக்கும் தமிழ் மருத்துவச் சுவடிகள், 1997. எனக்கே இரண்டு வருஷம் முன்னால்தான் தெரியும். தெரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதே ஊரில் அறை எடுத்துத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

11 டிசம்பர்

யுனெஸ்கோ கூட்டம் செங்கோட்டையில் நடந்தது என்று செய்தியில் படித்துவிட்டு, தென்காசியிலா இவ்வளவு பெரிய கூட்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விளையாட்டா நிஜமா தெரியவில்லை. டெல்லி செங்கோட்டை ஐயா. மாவட்ட நோட்டு என்று சொல்லி நான்தான் எல்லோரையும் கெடுத்துவிட்டேனோ? நிகர் ஷாஜியின் செங்கோட்டை வேறு, டெல்லி செங்கோட்டை வேறு, செஞ்சிக் கோட்டை வேறு. அடுத்த மாதிரித் தேர்வில் மூன்றையும் பொருத்துக என்று கேட்டால் பழி என்மேல்தான்.

24 டிசம்பர்

இன்று எல்விஎம்3-எம்6. புளூபேர்ட் பிளாக்-2 செயற்கைக்கோள், அமெரிக்க நிறுவனத்துடையது, சுமார் 6,100 கிலோ, தாழ்ந்த சுற்றுப்பாதை. நவம்பர் 9 குறிப்பில் ஒன்வெப் எடையைச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது தாண்டப்பட்டுவிட்டது. இப்போது எல்விஎம்3 தூக்கியதிலேயே எடை அதிகம் இதுதான். ஆனால் சிஎம்எஸ்-03 வாக்கியம் பொய்யாகிவிடவில்லை, பாருங்கள், அதன் வாலில் 'புவிநிலைப் பரிமாற்றச் சுற்றுப்பாதை' இருக்கிறது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்ட நோட்டு எல்லாவற்றுக்கும் உதவாது. இஸ்ரோவின் விண்வெளி இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸை எந்த மாவட்டத்தில் எழுதுவது? 2024 டிசம்பர் 30 ஏவல், 2025 ஜனவரி 16-இல் இரண்டு செயற்கைக்கோளும் விண்வெளியிலேயே இணைந்தன, அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பின் நான்காவது நாடு. நிசார்? நாசாவின் எல்-அலைவரிசை ரேடார், நம் எஸ்-அலைவரிசை ரேடார், இரண்டும் ஒரே செயற்கைக்கோளில், பூமி முழுக்கப் பார்க்கிறது. இவற்றுக்குக் கடைசியில் 'ஊர் இல்லாதவை' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறேன். முதலில் நான்கு பக்கம் ஒதுக்கினேன், இப்போது முப்பது தாண்டிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் அது பழைய மாதவாரி நோட்டேதான், வேறு பெயரில்.

28 டிசம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஏழு நோட்டையும் இரண்டாகச் சுருக்கிவிட்டாராம், பழையவற்றை எடைக்குப் போடப் போகிறாராம். போடாதீர்கள். என் 2023 நோட்டு கையில் இருந்ததால்தான் போன வாரம் ஒரு அச்சுத் தொகுப்பில் பிழையைப் பிடித்தேன். ஹொய்சாளர் கோயில்கள் 41, சாந்திநிகேதன் 42 என்று போட்டிருந்தார்கள். செப்டம்பர் 17 சாந்திநிகேதன், மறுநாள் ஹொய்சாளர். தலைகீழ். விற்ற பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

அப்புறம் சிவகளை இரும்பு பற்றி அவர் கேட்டது: ஜனவரி 23 அன்று முதலமைச்சர் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, அதில் கி.மு. 3345 வரை போகிறது காலக்கணிப்பு. தூத்துக்குடி பக்கத்தில் எழுதுங்கள், 'தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கைப்படி' என்ற வாலோடு. கீழடியை அதற்கு எதிர்ப்பக்கத்தில், சிவகங்கை என்று போட்டு. நான் என் நோட்டில் அடித்துவிட்டு இன்னும் எழுதவில்லை, இப்போது போய் எழுதுகிறேன்.